ஹிப்னோதெரபி: அது என்ன செய்யும், ஆபத்து எங்கே இருக்கிறது?

ஹிப்னோதெரபி பற்றித் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது குழப்பம்தான். ஒரு மருத்துவமனை அதைக் குடல் கோளாறுக்குப் பரிந்துரைக்கும். இன்னொருவர் அதே பெயரில் உங்கள் முற்பிறவியைக் காட்டுகிறேன் என்பார். அது மூளைச்சலவை, பக்கத்தில்கூடப் போகாதீர்கள் என்று மூன்றாமவர் எச்சரிப்பார். இவ்வளவும் ஒரே பெயரில் வருவதால், ‘முயன்று பார்க்கலாமா, ஆபத்து இல்லையா?’ என்ற நேரான கேள்விக்கு நேரான பதில் கிடைப்பதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹிப்னாசிஸ் என்ற நிலை பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை. அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் யார், எதற்காக, என்ன சொல்கிறார் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஏன் அப்படி என்பதைப் பார்க்க, அடிப்படையிலிருந்து வருவோம்.

## ஹிப்னாசிஸ் வேறு, ஹிப்னோதெரபி வேறு

கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றி நடப்பவை பின்னுக்குப் போய், சொல்லப்படும் கருத்துக்கு மனமும் உடலும் வழக்கத்தைவிட எளிதாக இணங்கும் நிலைதான் ஹிப்னாசிஸ். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஹிப்னாசிஸ் பிரிவு 2014இல் வகுத்த வரையறையின் சாரம் இதுதான். விறுவிறுப்பான நாவலில் மூழ்கியிருப்பவருக்குப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது காதில் விழாது அல்லவா? கிட்டத்தட்ட அதே வகை ஈடுபாடுதான் இது. இங்கே அது வேண்டுமென்றே உண்டாக்கப்படுகிறது.

இது தூக்கம் இல்லை. கண் மூடியிருந்தாலும் மூளையின் மின்னலைகள் விழித்திருப்பவருடையவை போலவே இருக்கும். பேசுவது கேட்கும், பதில் சொல்ல முடியும், வேண்டாமென்றால் எழுந்து போகவும் முடியும்.

இந்த நிலையை ஒரு சிகிச்சைக்குள் பயன்படுத்துவதுதான் ஹிப்னோதெரபி. இந்த வேறுபாடு முக்கியம். ஹிப்னாசிஸ் ஒரு கருவி, அவ்வளவுதான். அதனால் ‘ஹிப்னோதெரபி பலிக்குமா?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த நோய்க்கு, எந்தச் சிகிச்சையோடு சேர்த்து, யார் கையில் என்று கேட்டால்தான் சொல்ல முடியும்.

அடிக்கடி வரும் இன்னொரு சொல் சஜஷன். ‘உங்கள் கை லேசாகிறது’, ‘வயிற்றில் இதமான சூடு பரவுகிறது’ என்பது போல சிகிச்சையாளர் மனதுக்கு முன்வைக்கும் கருத்து அது. சிகிச்சையின் வேலை முழுவதையும் செய்வது இந்தச் சஜஷன்தான். கண்ணை மூடுவதும் எண்ணுவதும் அதற்கான முன்னேற்பாடுகள்.

## ஓர் அமர்வு எப்படிப் போகும்?

1. முதலில் பேச்சு. என்ன பிரச்சினை, எத்தனை நாளாக, என்ன மருந்து எடுக்கிறீர்கள், முன்பு மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்றெல்லாம் கேட்பார். நல்ல சிகிச்சையாளர் முதல் சந்திப்பின் பெரும்பகுதியை இதற்கே செலவிடுவார்.
2. அடுத்து கவனத்தைக் குவிக்கும் கட்டம். ஒரு புள்ளியைப் பார்ப்பது, மூச்சைக் கவனிப்பது, உடலின் ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்துவது என்று பல வழிகள் உண்டு.
3. படியிறங்குவது போன்ற கற்பனைகள் மூலம் அந்த ஈடுபாட்டை ஆழமாக்குவார்.
4. பிரச்சினைக்கு ஏற்ற சஜஷன்கள். குடல் கோளாறு என்றால், வயிற்றின் மேல் கையை வைத்து அங்கே சூடு பரவுவதாக உணரச் சொல்வார், சீராக ஓடும் ஓர் ஆற்றை மனதில் பார்க்கச் சொல்வார்.
5. மெதுவாக இயல்பு நிலைக்குத் திரும்புதல், அப்புறம் என்ன உணர்ந்தீர்கள் என்ற உரையாடல்.

வீட்டில் தானாகச் செய்யவும் கற்றுத் தருவார்கள். பலன் நிலைக்க இந்தத் தனிப்பயிற்சி பெரிதும் உதவும். அமர்வுக்கு வரும்போது மட்டும் செய்துவிட்டு மற்ற நாள்களில் மறந்துவிடுகிறவர்களுக்குப் பலன் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

## எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது

ஹிப்னாசிஸுக்கு இணங்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆந்திரே வைட்சன்ஹோஃபரும் எர்னஸ்ட் ஹில்கார்டும் இதை அளக்க 12 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். நீட்டிய கை கனத்துத் தாழ்கிறதா, இல்லாத ஈ ஒன்று சுற்றுவதாக உணர முடிகிறதா என்பது போன்ற சோதனைகள். சுமாராகப் பத்தில் ஒருவர் மிக எளிதாக ஆழமான நிலைக்குப் போகிறார். அதே அளவு பேர் அநேகமாக எதையும் உணர்வதில்லை. மீதிப் பேர் நடுவில் இருக்கிறார்கள்.

இதே அளவுகோலில் மாணவப் பருவத்தில் சோதிக்கப்பட்டவர்களை 25 ஆண்டுகள் கழித்துத் திரும்பச் சோதித்தபோது மதிப்பெண்கள் பெரிதாக மாறவில்லை. அதாவது, இது ஓரளவு நிலையான இயல்பு. புத்திக் குறைவுக்கும் மன பலவீனத்துக்கும் இதனோடு தொடர்பில்லை. கற்பனையில் தோய்ந்துபோகும் பழக்கம் உள்ளவர்களிடம் இது சற்று அதிகம்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று புரியும். ‘நூறு சதவீதம் பேருக்கும் பலிக்கும்’ என்று விளம்பரம் செய்பவர் தன் துறையின் அடிப்படையையே அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர்.

## மூளையில் ஏதாவது நடக்கிறதா, வெறும் நடிப்பா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. மற்றவரைத் திருப்திப்படுத்த ‘வலி இல்லை’ என்று யாரும் சொல்லிவிடலாம்.

1997இல் பியர் ரேன்வில் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. பங்கேற்றவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, அந்த வலியின் தொந்தரவு கூடுவதாகவோ குறைவதாகவோ ஹிப்னாசிஸில் சஜஷன் கொடுத்தார்கள். நீரின் சூடு மாறவில்லை. ஆனால் வலியின் தொந்தரவை உணர்வதில் பங்குள்ள முன்புற சிங்குலேட் என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு, சஜஷனுக்கு ஏற்பக் கூடியது, குறைந்தது. வலி எங்கே, எவ்வளவு என்று பதிவு செய்யும் பகுதியில் அந்த மாற்றம் இல்லை. வலி வந்து சேர்கிறது, அதன் வேதனை குறைகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அமீர் ராஸ் என்ற ஆய்வாளர் செய்த சோதனை இன்னும் சுவையானது. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டுக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் எவரும் தடுமாறுவார்கள். எழுத்தைப் படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. எளிதாக இணங்குகிறவர்களிடம், ‘திரையில் வருபவை உங்களுக்குத் தெரியாத மொழியின் எழுத்துகள்’ என்று முன்னதாக சஜஷன் கொடுத்தபோது அந்தத் தடுமாற்றம் பெருமளவு மறைந்தது. இதை நடித்துக் காட்டுவது கடினம்.

இது மனதின் தனி நிலையா, அல்லது எதிர்பார்ப்பும் ஊக்கமும் சூழலும் சேர்ந்து உண்டாக்கும் விளைவா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. சிகிச்சைக்குப் போகிறவருக்கு அந்த விவாதத்தின் முடிவு தேவையில்லை.

## சந்தேகம் எங்கிருந்து வந்தது?

ஹிப்னாசிஸுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர், உயிர்களுக்குள் ஓடும் ஒரு காந்த சக்தியைச் சீராக்கி நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பாரிஸையே கலக்கினார். மன்னர் பதினாறாம் லூயி 1784இல் விசாரணைக் குழு அமைத்தார். அதில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் இருந்தார்கள். ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் ‘காந்தம் ஏற்றிவிட்டு’, கண்ணைக் கட்டிய 12 வயதுச் சிறுவனை வேறு மரங்களிடம் கூட்டிப்போனார்கள். காந்தம் ஏற்றாத நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தமெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு சரிதான். ஆனால் வெறும் எதிர்பார்ப்பு ஒரு சிறுவனை மயங்கி விழவைக்கும் என்பது அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. அதை அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை. மான்செஸ்டரில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1840களில் காந்தக் கதையை ஒதுக்கிவிட்டு, கவனத்தின் குவிப்பே இதற்குக் காரணம் என்று விளக்கி, ஹிப்னாடிசம் என்ற பெயரை நிலைநிறுத்தினார். அதே காலத்தில் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற அறுவை மருத்துவர் மெஸ்மரிச முறையில் நோயாளிகளை ஆழ்த்தி அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டிருந்தார். 1846இல் ஈதர், 1847இல் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்துகள் வந்த பிறகு அந்த முறைக்குத் தேவை இல்லாமல் போயிற்று. மருத்துவத்திலிருந்து விலகிய ஹிப்னாசிஸ் மேடை வேடிக்கையாகப் பிழைத்தது. மக்கள் மனதில் பதிந்தது அந்த மேடைதான். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955இல் மருத்துவப் பயன்பாட்டை ஆதரித்த பிறகும் அந்தப் பிம்பம் முழுவதும் போகவில்லை.

## எதற்கு உதவுகிறது?

குடல் எரிச்சல் நோய், அதாவது ஐபிஎஸ், இதில் முதலிடம் பெறுகிறது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் 1984இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான ஐபிஎஸ் உள்ள 30 பேர். ஒரு பாதிக்கு ஹிப்னோதெரபி, மறு பாதிக்கு உளவியல் ஆலோசனையும் மருந்தில்லா மாத்திரையும். ஹிப்னோதெரபி பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் அதன்பின் வந்த பல ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, 12 மாதம் மருந்து எடுத்தும் குணமாகாத ஐபிஎஸ் நோயாளிகளுக்குப் பரிசீலிக்க வேண்டிய வழிகளில் ஒன்றாக ஹிப்னோதெரபியைச் சேர்த்தது. மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழி நெருங்கிய தொடர்பு இருப்பதால் இந்த நோயில் இது பொருந்திவருகிறது.

மருத்துவச் செயல்முறைகளின்போது ஏற்படும் வலியும் பதற்றமும் அடுத்தது. எல்விரா லாங் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக்குழாயிலோ சிறுநீரகத்திலோ குழாய் செலுத்தும் சிகிச்சைக்கு வந்த 241 பேர் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுக்கு நேரம் போகப்போக வலி ஏறியது. ஹிப்னாசிஸ் பெற்றவர்களுக்கு ஏறவில்லை. மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. செயல்முறையும் சராசரியாக 78 நிமிடத்துக்குப் பதில் 61 நிமிடத்தில் முடிந்தது. மார்பக அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் 15 நிமிட ஹிப்னாசிஸ் பெற்ற பெண்களுக்கு வலியும் குமட்டலும் குறைந்ததை 2007இல் வந்த 200 பேர் ஆய்வு காட்டியது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல், குறிப்பிட்ட சில அறுவைகளை ஹிப்னாசிஸ், அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்யும் ஊசி, லேசான மயக்க மருந்து மூன்றையும் சேர்த்துச் செய்துவருகிறார்கள்.

மாதவிடாய் நின்ற பின் வரும் உடல் வெப்ப அலைகளுக்கும் நல்ல சான்று இருக்கிறது. கேரி எல்கின்ஸ் குழுவினர் 187 பெண்களிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்தில் வெப்ப அலைகளின் எண்ணிக்கை ஹிப்னாசிஸ் குழுவில் சுமார் 74 சதவீதம் குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 17 சதவீதம்.

பதற்றம், ஊசி பயம், பல் சிகிச்சை பயம் போன்றவற்றில் மற்ற உளவியல் சிகிச்சைகளோடு சேர்க்கும்போது உதவுகிறது.

புகைப்பழக்கத்தை விடுவதுதான் அதிகம் விளம்பரப்படுத்தப்படும் பயன். சான்று அங்கேதான் மெலிந்திருக்கிறது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 14 ஆய்வுகளை அலசி 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மற்ற முறைகளைவிட ஹிப்னோதெரபி மேலானது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. சிலருக்கு உதவியிருக்கலாம். ‘ஒரே அமர்வில் சிகரெட் போய்விடும்’ என்று பணம் வாங்குவதற்கு அது போதாது.

புற்றுநோய், சர்க்கரை நோய், தொற்று நோய்களை இது குணமாக்காது. புற்றுநோய் சிகிச்சையால் வரும் குமட்டல், வலி, பயம் ஆகியவற்றைத் தணிக்க உதவலாம். இரண்டையும் குழப்புவது உயிருக்கு ஆபத்து.

## பலர் பயப்படும் விஷயங்கள்

‘திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டால்?’ அப்படி நடக்காது. சிகிச்சையாளர் எழுந்து போய்விட்டாலும் நீங்கள் தானாகக் கண் திறப்பீர்கள், அல்லது தூங்கி எழுவீர்கள்.

‘என் ரகசியங்களைச் சொல்லிவிடுவேனா?’ ஹிப்னாசிஸ் உண்மையைக் கக்கவைக்கும் மருந்து இல்லை. அந்த நிலையிலும் மறைக்க முடியும், பொய்கூடச் சொல்ல முடியும்.

‘என் விருப்பத்துக்கு மாறாக ஏதாவது செய்யவைப்பார்களா?’ பொம்மைபோல ஆட்டுவிக்க முடியாது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம்பிக்கையோடு கண் மூடிப் படுத்திருப்பவரிடம் சிகிச்சையாளருக்கு அதிகாரம் அதிகம். அதைத் தவறாகப் பயன்படுத்திய குற்றங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. எந்தச் சிகிச்சையிலும் அப்படி நடக்கலாம் என்றாலும், இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

## உண்மையான ஆபத்துகள்

1. சிறு பக்கவிளைவுகள். தலைவலி, தலைசுற்றல், தூக்கக் கலக்கம், சில சமயம் பதற்றம். பொதுவாகக் கொஞ்ச நேரத்தில் போய்விடும். முழுத் தெளிவு வரும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

2. நோயை மறைத்தல். வலி ஓர் எச்சரிக்கை. அது ஏன் வருகிறது என்று தெரியாமலே அதைத் தணித்துவிட்டால் உள்ளே இருக்கும் நோய் வளர்ந்துகொண்டே போகும். விடாத தலைவலியோ வயிற்றுவலியோ இருந்தால் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். ஐபிஎஸ் ஆய்வுகளில் பங்கேற்றவர்களும் பரிசோதித்து நோய் உறுதியானவர்கள்தான்.

3. சில மனநோய்கள். ஸ்கிசோஃப்ரினியா போல உண்மைக்கும் பிரமைக்கும் கோடு அழியும் நோய் உள்ளவர்கள், மனநிலை அளவுமீறி எழுந்தும் தாழ்ந்தும் மாறும் பைபோலார் நோயில் மிகை எழுச்சிக் கட்டத்தில் இருப்பவர்கள், தன்னிலை பிளவுபடும் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது நிலைமையை மோசமாக்கலாம். மனநல மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் முயலவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே போக வேண்டும்.

4. மருந்தை நிறுத்தச் சொல்வது. அப்படிச் சொல்கிறவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள்.

5. பொய் நினைவுகள். என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். அதனால் தனியாகப் பார்ப்போம்.

## மறந்த நினைவைத் தோண்டுவது

ஆழ்மனம் எல்லாவற்றையும் வீடியோ போலப் பதிந்து வைத்திருக்கிறது, ஹிப்னாசிஸில் அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நினைவு அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மூளை துண்டுகளைச் சேர்த்து மறுபடி கட்டுகிறது. இடைவெளிகளை ஊகத்தால் நிரப்புகிறது. கற்பனை கூர்மையாகி, கேள்வி கேட்பவரின் எதிர்பார்ப்புக்கு மனம் இணங்கியிருக்கும் நேரத்தில் இந்த நிரப்பல் இன்னும் அதிகமாகும்.

1983இல் லாரன்ஸ், பெர்ரி என்ற இரு ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். எளிதாக இணங்கும் 27 பேரை எடுத்துக்கொண்டு, முந்தைய வாரத்தில் ஓர் இரவு பெரும் சத்தம் கேட்டு விழித்ததாக ஹிப்னாசிஸில் சஜஷன் கொடுத்தார்கள். பிறகு, விழிப்பு நிலையில், 13 பேர் அது உண்மையிலேயே நடந்தது என்று சொன்னார்கள். வேண்டுமென்றே புகுத்திய கதை, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சொந்த நினைவாகிவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹிப்னாசிஸில் வந்த நினைவு சரியோ தவறோ, அதன் மேல் உறுதி ஏறிவிடுகிறது. ‘நானே பார்த்தேன்’ என்று அடித்துச் சொல்வார்கள். ஹிப்னாசிஸ் மூலம் பெற்ற நினைவுகள் சாதாரண நினைவுகளைவிட நம்பத்தகுந்தவை இல்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985இல் அறிக்கை தந்தது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1982இலும் கனடா உச்ச நீதிமன்றம் 2007இலும் இத்தகைய சாட்சியத்துக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தன. அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும், ‘அடக்கிவைத்த நினைவுகளை மீட்கிறோம்’ என்ற சிகிச்சைகளுக்குப் பிறகு பெற்றோர்மீது கடும் குற்றச்சாட்டுகள் எழுந்து, குடும்பங்கள் உடைந்தன. உண்மையிலேயே கொடுமைக்கு உள்ளானவர்களுக்கும் அது பெரும் தீங்கு. அவர்கள் சொல்வதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது.

முற்பிறவி அமர்வுகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. மறுபிறவியை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் அமர்வில் தெரியும் காட்சிகள் அதற்குச் சான்றாகாது. ‘போன பிறவியில் உன்னைக் கொன்றவர்தான் இந்தப் பிறவியில் உன் அண்ணன்’ என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறவரின் உறவுகளுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிறுவயதுக்குத் திரும்புதல், முற்பிறவிக்குத் திரும்புதல், மறந்த கொடுமையைக் கண்டுபிடித்தல் — இந்த மூன்றையும் யார் முன்வைத்தாலும் மறுத்துவிடுவதே நல்லது.

## யாரிடம் போவது?

பல நாடுகளில் ஹிப்னோதெரபிஸ்ட் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. சில நாள் பயிற்சி முடித்தவரும் பலகை மாட்டலாம். இஸ்ரேலில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் இதை மருத்துவர், பல் மருத்துவர், உளவியலாளர் ஆகியோருக்கு மட்டும், அதுவும் உரிமம் பெற்றபின் அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட நாடுகள் குறைவு. அதனால் சரிபார்க்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது.

பயனுள்ள ஒரு விதி இது: ஹிப்னாசிஸ் தெரியாவிட்டாலும் உங்கள் பிரச்சினைக்குச் சிகிச்சை தரத் தகுதி உள்ளவரிடம் மட்டுமே ஹிப்னாசிஸுக்குப் போங்கள். மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர், பல் பயத்துக்குப் பல் மருத்துவர், குடல் கோளாறுக்குக் குடல்நோய் மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும் உளவியலாளர்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை:

1. ஹிப்னாசிஸ் தவிர உங்கள் அடிப்படைத் தகுதி என்ன? எந்த மன்றத்தில் பதிவு பெற்றிருக்கிறீர்கள்?
2. என் பிரச்சினைக்கு இது உதவும் என்பதற்கு என்ன சான்று? எத்தனை அமர்வில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து என்ன?
3. என் மருத்துவரோடு பேசுவீர்களா?
4. கூட ஒருவரை உட்காரவைக்கலாமா, அல்லது அமர்வைப் பதிவு செய்யலாமா?

குணத்துக்கு உத்தரவாதம், முழுத் தொகையும் முன்பணமாக, பழைய நோய் விவரம் எதையும் கேட்காமல் முதல் நாளே கண்ணை மூடச் சொல்வது — இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

ஒலிப்பதிவுகளும் செயலிகளும் தளர்வுக்கும் தூக்கத்துக்கும் பெரும்பாலும் தீங்கில்லாதவை. வண்டி ஓட்டும்போதோ இயந்திரம் இயக்கும்போதோ அவற்றைக் கேட்கக் கூடாது. கேட்கும்போது கடுமையான பயமோ பழைய வேதனையோ மேலெழுந்தால், கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். மறுபடியும் அப்படி வந்தால் தனியாகத் தொடராமல் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்த்துப் பேசுங்கள்.